வீட்டுக்குள் ஓட்டு வேட்டை! மகன் சொன்னால் அம்மா கேட்பாரா?

அம்பத்தூர்,

தேர்தல் வந்துவிட்டால் மைக் கட்டிய ஆட்டோ தெருத் தெருவாக ஓடும். வேட்பாளர் திறந்த வேனில் கும்பிட்டபடி போவார். ஆரத்தித் தட்டுடன் பெண்கள் நிற்பார்கள். பட்டாசு வெடிக்கும். இதெல்லாம் வெளியே தெரிகிற பிரசாரம்.

வெளியே தெரியாத பிரசாரம் ஒன்று உண்டு. அது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். மைக் கிடையாது. கொடி கிடையாது. மகன் அப்பாவிடம் பேசுவான். மாப்பிள்ளை மாமனாரிடம் பேசுவார். பேத்தி போய் ஆயாவின் பக்கத்தில் உட்காருவாள். "இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு ஆயா" என்று கெஞ்சுவாள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இந்த வீட்டுப் பிரசாரம் எப்படி நடக்கிறது? அதனால் ஓட்டு மாறுமா? வீட்டு ஆட்களிடம் எதுவரை பேசலாம்? எந்தக் கோட்டைத் தாண்டினால் குற்றம்?

விவரம் வருமாறு:–

698 பேர்!

"எங்க வீட்டு நாலு ஓட்டுலயா ஆட்சி மாறப் போவுது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆவடி கணக்கைப் பார்க்க வேண்டும்.

2016-ம் ஆண்டு சட்டசபை தேர்தல் மே 16-ந்தேதி நடந்தது. ஆவடி தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் நின்ற க.பாண்டியராஜன் 1 லட்சத்து 8 ஆயிரத்து 64 ஓட்டு வாங்கினார். தி.மு.க. வேட்பாளர் சா.மு.நாசருக்குக் கிடைத்தது 1 லட்சத்து 6 ஆயிரத்து 669 ஓட்டு. வித்தியாசம் 1,395 ஓட்டுதான்!

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெயித்தவருக்குப் போட்டவர்களில் 698 பேர் மட்டும் மனசு மாறி மற்றவருக்குப் போட்டிருந்தால், ஒரே ஒரு ஓட்டில் முடிவு தலைகீழாகி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய 2 லட்சத்து 14 ஆயிரம் ஓட்டில் அந்த 698 எந்த மூலை? பட்டாபிராமில் நாலு தெரு, திருமுல்லைவாயலில் நாலு தெரு. அவ்வளவுதான்.

அதே இரண்டு பேர் 2021-ம் ஆண்டு மறுபடி மோதினார்கள். அந்தத் தடவை நாசர் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊர் அதேதான். வீடுகளும் பெரும்பாலும் அதே வீடுகள்தான். ஐந்து வருஷத்தில் பல ஆயிரம் பேர் மனசு மாறி இருக்கிறார்கள். எல்லாரையும் மாற்றியது மேடைப் பேச்சு என்று சொல்லிவிட முடியாது.

அதே 2021-ல் சென்னை தியாகராயநகரில் வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. ராஜஸ்தானில் 2008-ம் ஆண்டு நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஒரு ஓட்டு என்பது ஒரு வீட்டில் ஒரு ஆள்!

ஒரே வீடு, நாலு கட்சி

பட்டாபிராமில் ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். கற்பனை வீடுதான். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி தெரியும்.

அப்பா டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். சங்கத்து ஆள். இன்றைக்கும் காலையில் டீக்கடையில் பேப்பரை முழுசாகப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். காலத்துச் சின்னம்தான் சின்னம். மூத்த மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. புதுக் கட்சி ஒன்று வந்தால்தான் விடிவு என்பான். மகளுக்கு இதுதான் முதல் ஓட்டு. செல்போனில் பார்ப்பதை வைத்து அவளுக்குத் தனிக் கணக்கு. போதாததற்கு வீட்டில் 86 வயது ஆயா. "எல்லாரும் ஒண்ணுதான்டா" என்பது ஆயாவின் கட்சி.

ராத்திரி எட்டரை மணி. மகன் ஆரம்பிக்கிறான்.

"அம்மா, இந்தத் தடவை மாத்திப் போடும்மா."

"நான் வயசுக்கு வந்ததுலேருந்து அதுக்குத்தான் போட்டுட்டு வரேன். நீ சொல்லி மாத்தணுமா?"

"அவங்க நமக்கு என்னம்மா செஞ்சாங்க?"

"நீ சொல்றவங்க இன்னா செஞ்சாங்க?"

முடிந்தது. டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார் அம்மா. அப்பா தலையிட்டால் நிலைமை இன்னும் மோசம். "அவளுக்கு அரசியல் என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அன்றைக்கு மாறலாமா என்று லேசாக யோசித்த அம்மாகூட அப்புறம் மாறவே மாட்டார்!

ஓட்டு இல்லாத பிள்ளைகள்

பிள்ளைகள் பெற்றோரை மாற்ற முயல்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது.

1955-ம் ஆண்டு ஜனவரி மாதம் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. நேரு வந்தார். தேபர் தலைமை வகித்தார். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அப்போது முதல்-மந்திரி காமராஜர். காங்கிரசை அசைக்க ஆள் இல்லை என்றிருந்த காலம்.

பன்னிரண்டே வருஷம். 1967 பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி போயிற்று. விருதுநகரில் காமராஜரே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு.

1965-ம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்கள், 1967-ல் ஊர் ஊராகப் போய் தி.மு.க.வுக்கு ஓட்டு கேட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது ஓட்டுப்போடும் வயது 21. கல்லூரிப் பையன்களில் ஏராளமானவர்களுக்கு ஓட்டே கிடையாது! தன் கையில் இல்லாத ஓட்டை அவர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியம்மாவிடம்தான் கேட்க வேண்டி இருந்தது.

வீட்டில் அவர்களுக்குக் கைகொடுத்தது கொள்கை மட்டும் அல்ல, அரிசியும்தான். அப்போது அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்றார் அண்ணா. தேர்தல் மேடையில் மொழியைப் பற்றிப் பேசிய பையன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரிசியைப் பற்றிப் பேச முடிந்தது. அடுப்படியில் நிற்கிறவருக்கு அதுதான் உடனே புரியும்.

அதற்கு மேல் ஒரு படமும் சேர்ந்துகொண்டது. 1967 ஜனவரி 12-ந்தேதி பரங்கிமலை – பூந்தமல்லி ரோட்டில் உள்ள ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப் போட்ட அவர் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலை தொகுதியில் அவர் ஜெயித்தார்.

ஓட்டுப்போடும் வயது 18 ஆகக் குறைந்தது 1989-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி முதல்தான். அந்த வருஷம் நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள்.

அம்மா எம்.ஜி.ஆர்., அப்பா சங்கம்!

கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்ற கதைக்கு 1984-ம் ஆண்டைச் சொல்ல வேண்டும்.

அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டிசம்பர் 24-ந்தேதி தேர்தல். தலைவர் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த பெண்கள் அழுதார்கள். ஆண்டிப்பட்டிக்கு ஒரு தடவைகூடப் போகாமல் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். ஆட்சியும் அவர் கட்சிக்கே கிடைத்தது.

ஆனால் அதே தேர்தலில் இந்தப் பக்கம் நடந்தது வேறு. அம்பத்தூர் அப்போது வில்லிவாக்கம் தொகுதியில் இருந்தது. அங்கே ஜெயித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி.பி.சிந்தன். மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு கட்சி. 1989-லும் அதே கட்சியின் டபிள்யூ.ஆர்.வரதராஜன் அங்கே ஜெயித்தார்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பாடியில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, மோட்டார் உதிரிப்பாகக் கம்பெனி என்று வரிசையாக சங்கொலி கேட்ட காலம் அது. ஷிப்டு முடிந்ததும் கேட் மீட்டிங். தீபாவளி போனஸ் என்றால் சங்கம். வேலை நீக்கம் என்றால் சங்கம். அந்த சங்கத்துக்காரர் கையில் கொண்டு வரும் போனஸ் பணத்தில்தான் வீட்டில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தார்கள். அதனால் எம்.ஜி.ஆர். படத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்த வீட்டில்கூட, தொகுதி ஓட்டு என்று வரும்போது பேசிப் பார்க்க இடம் இருந்தது.

1967-லும் 1984-லும் வீட்டில் எடுபட்டது இந்த மாதிரிப் பேச்சுதான். தலைவரின் பெயரை விட, வீட்டுக்குள் வந்து சேர்ந்த அரிசியும் போனசும் அதிகம் பேசின.

பெயர் சொல்லாத பெண்கள்

அம்மாவின் ஓட்டை அப்பாவின் பாக்கெட்டில் இருக்கும் ஓட்டாக நினைப்பது பழைய வியாதி.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவாயிற்று. அப்போது தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் சென் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தப் பெயர் கொடுக்காத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயர் சொல்லிப் பதிய ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு நிலைமை எப்படி? 2021 தேர்தலுக்கான தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களை விடப் பெண்கள் சுமார் 10 லட்சம் பேர் அதிகம். இது தெரியாமல் இன்னமும் "வீட்டுக்காரர் என்ன சொல்றாரோ அதான்" என்று நினைக்கும் பூத் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். கையில் நோட்டை வைத்துக்கொண்டு "இந்த வீட்டுல அஞ்சு ஓட்டு, நமக்குத்தான்" என்று டிக் போடுகிறார்கள். குடும்பத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு, பாத்திரம் கழுவிக் கொண்டிருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போகிறார்கள்.

கதவைத் திறந்தவர் ஒருவர், மாறியவர் இருவர்!

வீட்டுப் பேச்சுக்கு பலம் உண்டா என்று அமெரிக்காவில் சோதனையே செய்து பார்த்திருக்கிறார்கள். 2002-ம் ஆண்டு டென்வர், மினியாபோலிஸ் என்ற இரண்டு ஊர்களில் நடந்தது அது.

இரண்டு ஓட்டு உள்ள வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். யார் கதவைத் திறந்தாரோ அவரிடம் மட்டும் "தவறாமல் ஓட்டுப் போடுங்கள்" என்று சொன்னார்கள். உள்ளே இருந்த இன்னொருவரிடம் பேசவே இல்லை. தேர்தல் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்தார்கள். கதவைத் திறந்தவரிடம் உண்டான மாற்றத்தில் நூற்றுக்கு 60 பங்கு, பேசாத அந்த இன்னொருவரிடமும் தெரிந்தது! டேவிட் நிக்கர்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2008-ல் இதை வெளியிட்டார். ஓட்டுச்சாவடிக்குப் போவதா வேண்டாமா என்பதில் செய்த சோதனை இது. யாருக்குப் போடுவது என்பதில் அல்ல.

அதே 2008-ல் ஒபாமா ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது இன்னொரு கூத்து நடந்தது. புளோரிடா மாகாணத்தில் ரிட்டயர்டு ஆகிக் குடியிருந்த யூதத் தாத்தா பாட்டிகளை மாற்ற, பேரன் பேத்திகளே நேரில் போக வேண்டும் என்று சாரா சில்வர்மன் என்ற சிரிப்பு நடிகை பிரசாரம் செய்தார். பேரப்பிள்ளை வந்தால் தாத்தா பாட்டி மனசு இளகும் என்பது கணக்கு. நம்ம ஊர் பேத்திக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை!

எது எடுபடும்?

மறுபடி பட்டாபிராம் வீட்டுக்கு வருவோம். மகன் தோற்ற இடத்தில் மகள் பேசுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவள் கட்சி பெயரையே எடுக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? பீரோவுல இருந்த துணியெல்லாம் போச்சு."

"அப்போ யாரும்மா வந்து பார்த்தாங்க?"

அம்மா யோசிக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலையும் பார்த்த வீடு அது. ஆவடி, பட்டாபிராம், கொரட்டூர் என்று அந்தப் புயலில் தண்ணீர் நின்ற தெருக்கள் ஏராளம். யார் படகு கொண்டு வந்தார், யார் பால் பாக்கெட் கொடுத்தார், யார் போனையே எடுக்கவில்லை என்பது அம்மாவுக்கு அத்துபடி. கட்சிக்காரர்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு பதில் மகளுக்குப் பிடித்த வேட்பாளராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. மகளுக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம். அப்போது "சரிம்மா, அதுவும் நியாயம்தான்" என்று சொல்ல அவள் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் கேட்டது கேள்வி அல்ல, பொறி. அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

வீட்டுப் பேச்சில் எடுபடுவது இதுதான். நம் தெரு சாக்கடை, நம் ரேஷன் கடை, நம் பஸ், நம் ஏரித் தண்ணீர். வேட்பாளர் முன்பு கவுன்சிலராகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருந்தவர் என்றால் அவர் செய்ததும் செய்யாததும். எல்லா வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அது தேர்தல் கமிஷனின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும். குடும்ப வாட்ஸ்-அப் குரூப்பில் வருவதை நம்புவதற்குப் பதிலாக, அந்தப் பத்திரத்தை போனில் திறந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினால் சண்டை பாதி குறையும்.

வாட்ஸ்-அப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. பொய் என்று தெரிந்தே ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றி, தேர்தலைப் பாதிக்கும் நோக்கத்தில் செய்தி பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 175-வது பிரிவில் அபராதம் உண்டு. "சித்தப்பா அனுப்பினாரு, நானும் அனுப்பினேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதை விட, அனுப்பாமல் இருப்பதே மேல்!

சாமி கோபிக்கும் என்றால் ஜெயில்!

பேசலாம். கெஞ்சலாம். வாதாடலாம். வீட்டுக்குள் அதற்குச் சட்டம் தடை போடவில்லை. மிரட்டினால்தான் சிக்கல்.

"அந்தக் கட்சிக்குப் போட்டா வீட்டை விட்டு வெளியே போ" என்று மருமகளிடம் சொன்னால்? "நான் சொன்ன சின்னத்துல போடலைன்னா இந்த மாசம் பணம் கிடையாது" என்று அம்மாவிடம் சொன்னால்? ஒருவர் இஷ்டப்படி ஓட்டுப்போடுவதில் வேண்டும் என்றே குறுக்கிடுவது தேர்தல் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 171-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மிரட்டுகிறவர் சொந்தக்காரர் என்பதால் தப்பு சரியாகிவிடாது.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. சொன்ன ஆளுக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும், குலசாமி கோபிக்கும் என்று நம்ப வைப்பதும் அதே பிரிவில் வருகிறது! குத்துவிளக்கு மேல் அடித்துச் சத்தியம் வாங்குகிறவர்களும், பிள்ளை தலையில் கை வைக்கச் சொல்கிறவர்களும் கவனிக்க வேண்டும். தண்டனை ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பணமும் அப்படித்தான். ஓட்டுக்குக் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று எண்ணிக் குடும்பத் தலைவர் கையில் கவரைத் திணிக்கும்போது, அம்மாவின் ஓட்டையும் மகளின் ஓட்டையும் அவர்களைக் கேட்காமலே விலை பேசி ஆயிற்று. பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலே நின்று போனதும் உண்டு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். 2019-ல் வேலூர் பாராளுமன்றத் தொகுதி.

ஆயாவின் ஓட்டு யாருக்கு?

வயதானவர்கள் விஷயத்தில்தான் வீட்டில் அதிகமாகக் கை வைக்கிறார்கள். "ஆயாவுக்குக் கண்ணு தெரியாது, நானே அமுக்கிட்டு வரேன்" என்று பேரன் கிளம்புவான். அப்படி சுலபமாக முடியாது.

கண் தெரியாதவர், அல்லது உதவி இல்லாமல் பட்டனை அமுக்க முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர் மட்டுமே துணைக்கு ஆள் அழைத்துப் போகலாம். துணைக்குப் போகிறவருக்கு 18 வயது நிரம்பி இருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணை போகலாம். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து ஒரே ஆள் போக முடியாது. அவர் சொன்னபடியே போட்டேன், வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பது துணைக்கு ஆள் அழைக்கக் காரணம் ஆகாது. அதற்காகத்தானே சின்னம் இருக்கிறது!

நடக்க முடியாதவர்களுக்கு வேறு வழி வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 சட்டசபை தேர்தலில் 80 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தபடியே தபால் ஓட்டுப் போட்டார்கள். 2024-ல் அந்த வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் கேட்கலாம். 12-டி என்ற படிவத்தை, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள். வீடியோ எடுப்பார்கள். ஆனால் ஆயா யாருக்குப் போடுகிறார் என்பதை வீடியோக்காரரும் பார்க்கக் கூடாது. வீடு நம்முடையதுதான். அந்த ஐந்து நிமிஷம் அது ஓட்டுச்சாவடி. மகன், மருமகள், பேரன் எல்லாரும் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

7 வினாடி

ஓட்டுச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் யாரும் யாருக்காகவும் ஓட்டு கேட்கக் கூடாது. வீட்டில் ஆரம்பித்த பேச்சை அந்தக் கோட்டுக்கு வெளியே முடித்துவிட வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு "அம்மா, மூணாவது பட்டன், மறந்துடாதே" என்று ஞாபகப்படுத்துவதும் கூடாது.

மறைப்புக்குள் ஒருவர்தான் போக முடியும். பட்டனை அமுக்கினால் பக்கத்தில் உள்ள பெட்டியின் கண்ணாடி வழியாகச் சீட்டு தெரியும். 7 வினாடி. பிறகு உள்ளே விழுந்துவிடும். கையில் எதுவும் கிடைக்காது. செல்போனில் படம் எடுத்துக் காட்டவும் அனுமதி கிடையாது.

"யாருக்கும்மா போட்டே?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி கோர்ட்டில்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-வது பிரிவு. கோர்ட்டுக்கே அந்த நிலைமை என்றால் மகனுக்கு என்ன உரிமை?

"நீ சொன்னதுக்குத்தான்டா போட்டேன்" என்று அம்மா சிரித்துக் கொண்டே சொல்லலாம். நிஜமாகவும் இருக்கலாம். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று சொன்னதாகவும் இருக்கலாம். அதைத் தோண்டிக் கேட்காமல் விட்டால்தான் அடுத்த தேர்தலிலும் அம்மா காது கொடுத்துக் கேட்பார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வேட்பாளருக்காக தினமும் சோறு போடுகிறவரிடம் பேச்சை முறித்துக் கொள்வது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

முதலில் பெயர் இருக்கிறதா?

ராத்திரி முழுக்க வாதாடி, காலையில் குடும்பத்தோடு போய், "பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் அம்பத்தூர், ஆவடி பக்கத்தில் இது அதிகம். கல்யாணம் ஆகி வந்த மருமகள் பெயர் இன்னும் அம்மா வீட்டு விலாசத்தில் இருக்கும். வீட்டை விட்டு வேலைக்குப் போன தம்பி பெயர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே அம்மாவிடம் யாருக்குப் போடச் சொல்வது என்று முடிவு செய்யும் முன்பு, வீட்டில் எல்லார் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. புதுப் பெயர் சேர்க்க 6-ம் நம்பர் படிவம். விலாசம் மாற்ற, திருத்தம் செய்ய 8-ம் நம்பர் படிவம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற நம்பருக்கு போன் செய்து கேட்கலாம்.